புலியைப் பார்க்க வந்த கூட்டம்

ஆசிரியர் வேலையில் இருந்தவர்களுக்கு நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை டி.பி.ஐ. வளாகம் என்றால் மாறுதல் ஆணை, பதவி உயர்வு, பணிப்பதிவேடு. இப்போது பேராசிரியர் அன்பழகன் பெயரில் இருக்கும் அந்த வளாகத்தின் மரத்தடிகளில், கோப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். மதுராந்தகம் பக்கம் அரசுப் பள்ளியில் விலங்கியல் நடத்தியவன். ஆண்டுதோறும் பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவேன். அந்த அருங்காட்சியகம் பிறந்ததே டி.பி.ஐ. மண்ணில்தான் என்று பின்னாளில் படித்தபோது, இத்தனை நாள் அந்த மரத்தடியில் வீணாக உட்கார்ந்திருந்தோமே என்று தோன்றியது.

1812இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இருந்த இடம் அது. கல்லூரி கோட்டையின் பெயரில் இருந்தாலும் கோட்டைக்குள் இல்லை. கும்பினி உத்தியோகத்துக்கு வந்த வெள்ளைக்கார இளைஞர்களுக்குத் தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுக்க ஏற்படுத்தியது. அதன் மாடியில், 1851இல், கொஞ்சம் கற்களைப் பரப்பி வைத்தார்கள். சென்னை இலக்கியச் சங்கம் சேர்த்து வைத்திருந்த 1,100 நிலவியல் மாதிரிகள். நாட்டில் எங்கே இரும்பு, எங்கே நிலக்கரி, எந்த மலையில் நல்ல கட்டடக்கல் என்று தெரிந்துகொள்வது கும்பினியாருக்கு லாபம். லண்டனில் உட்கார்ந்திருந்த இயக்குநர்கள் அனுமதி கொடுத்ததற்கு அதுதான் காரணம். ஊர் ஜனங்களின் அறிவு வளரட்டும் என்று அவர்கள் ஒன்றும் தவம் கிடக்கவில்லை.

பொறுப்பேற்றவர் எட்வர்ட் பால்ஃபர். 1813இல் ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸில் பிறந்த ராணுவ மருத்துவர். இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றவர். அருங்காட்சியக வேலைக்கு வருவதற்கு முந்தைய ஆண்டு சென்னையில் முஸ்லிம்களுக்கென்று ஒரு பொது நூலகம் அமையக் காரணமாக இருந்தவர். பின்னாளில், பெண்களுக்கு மருத்துவம் படிக்க இடம் கொடுக்க வேண்டும் என்று வாதாடி, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரிக் கதவு திறக்க உதவியவரும் இவரே. இந்தியாவைப் பற்றிய ஒரு கலைக்களஞ்சியத்தையும் தனியாளாகத் தொகுத்திருக்கிறார். கண்ணில் பட்டதையெல்லாம் குறித்து வைக்கும் பேர்வழி என்று தெரிகிறது. பள்ளியில் இப்படி ஒரு பையன் இருந்தால் நாங்கள் அவனைத் தொல்லை என்போம்.

பால்ஃபர் கல்லோடு நிற்கவில்லை. உங்கள் ஊரில் கிடைப்பதை அனுப்புங்கள் என்று அதிகாரிகளையும் பொதுமக்களையும் கேட்டார். சங்கு வந்தது, பறவைத் தோல் வந்தது, காசு வந்தது, விதை வந்தது. இதற்கிடையில் கல்லூரிக் கட்டடத்தின் உறுதி பற்றிய கவலை வேறு. ஆகவே 1854 வாக்கில் எல்லாவற்றையும் வண்டியேற்றி எழும்பூர் பாந்தியனுக்குக் கொண்டுபோனார்கள். பாந்தியன் சாலை என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தப் பாந்தியன் பதினெட்டாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரச் சீமான்கள் விருந்துண்டு, நடனமாடி, நாடகம் பார்த்த மாளிகை. பிறகு ஓர் ஆர்மேனிய வியாபாரியின் கைக்குப் போய், திரும்பவும் சர்க்கார் கைக்கு வந்திருந்தது.

இங்கே வந்த பிறகுதான் பால்ஃபர் ஒன்றைக் கவனித்தார். அருங்காட்சியகத்தில் உயிரோடு ஒரு புலியும் சிறுத்தையும் இருந்தன. அவற்றைப் பார்க்க ஜனங்கள் திரண்டு வந்தார்கள். வந்தவர்கள் புலியைப் பார்த்துவிட்டுப் போகாமல் உள்ளேயும் நுழைந்தார்கள். வருகிறவர்களின் எண்ணிக்கையைக் கணக்கெடுத்து மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்த மனிதர் என்பதால், எது ஆளை இழுக்கிறது என்பது அவருக்கு ஊகமாக இல்லாமல் எண்ணாகவே தெரிந்திருக்கும்.

வேறொரு அதிகாரியாக இருந்தால் என்ன செய்திருப்பார்? அறிவுக்கூடத்தில் சந்தைக்கூட்டமா என்று புலியை அப்புறப்படுத்தச் சொல்லியிருப்பார். பால்ஃபர் இன்னும் மிருகங்கள் வேண்டும் என்று கிளம்பினார். கர்நாடக நவாபைச் சந்தித்து, அவருடைய மிருகங்களைக் கேட்டு வாங்கினார். அரண்மனைக்காரர்களும் அவர்களுடைய விருந்தாளிகளும் மட்டுமே பார்த்த மிருகங்கள் எழும்பூருக்கு வந்து, காய்கறிக்காரி முதல் வண்டிக்காரர் வரை எல்லோரும் பார்க்கக் கூண்டில் நின்றன. 1855இல் தொடங்கிய அந்த விலங்குக் காட்சியில் ஓராண்டுக்குள் 300க்கு மேற்பட்ட உயிரினங்கள் சேர்ந்துவிட்டன. இந்தியாவின் பழைய பொது விலங்குக் காட்சிசாலைகளில் ஒன்று இப்படித்தான், புலியைப் பார்க்க வந்த கூட்டத்தால் பிறந்தது. 1863இல் அது சென்ட்ரல் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயிற்று. அங்கிருந்து 1985இல் வண்டலூருக்கு.

இந்த இரண்டு இடங்களுக்கும் ஊர் வைத்த பெயர்கள் உலகத்துக்கே தெரியும். பாடம் செய்த மிருகங்கள் இருந்த எழும்பூர் செத்த காலேஜ். மூச்சுவிடும் மிருகங்கள் இருந்த பார்க் உயிர் காலேஜ். முதலில் கல்லூரியில் இருந்ததால் காலேஜ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். என் பாட்டி, பள்ளிக்கூடப் படியே ஏறாதவள், காணும் பொங்கலுக்கு மாட்டுவண்டியில் செங்கல்பட்டு வரை வந்து, அங்கிருந்து ரயிலேறி, ‘ரெண்டு காலேஜும் முடிச்சுட்டு வந்தேன்’ என்று சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தக் கூட்டத்தை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் பால்ஃபருக்கும் அவருக்குப் பின் வந்தவர்கள் சிலருக்கும் வேறுபாடு. 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் பெரிய உழைப்பாளி. ராமேசுவரம் பக்கத்து முத்துக்குளிப்பு, பவளம் பற்றியெல்லாம் எழுதியவர். மாதத்தில் ஒரு நாள் ஆண்களை விலக்கிவிட்டு, கோஷாப் பெண்கள் வந்து பார்க்க ஏற்பாடு இருந்ததும் அவர் காலத்தில்தான். ஆனால் பொதுவாக வரும் ஜனங்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. இவர்களுக்கு அருங்காட்சியகம் ஒரு தமாஷ் வீடு, கவர்ச்சியாக எதை வைத்தாலும் போதும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார்.

தமாஷ் வீடு என்று சொன்னவரே அந்த ஜனங்களை எப்படிப் பார்த்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். தர்ஸ்டன் அளவுகோலும் கையுமாக அலைந்தவர். மனிதர்களை நிற்கவைத்துத் தலையின் நீளம், அகலம், மூக்கின் உயரம், அகலம் என்று அளந்தார். மூக்கு விகிதத்தை வைத்துச் சாதிகளை வரிசைப்படுத்தலாம் என்று அந்தக் காலத்து அறிஞர்கள் நம்பினார்கள். அந்த அளவுகள், மக்கள் சொன்ன கதைகள், வழக்கங்கள் எல்லாம் சேர்ந்து, கே. ரங்காச்சாரியின் உதவியோடு, 1909இல் தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் என்று ஏழு பெரிய தொகுதிகளாக வெளிவந்தன. இன்றைக்கும் யாராவது தன் சாதியின் பழம்பெருமையைத் தேடப் புறப்பட்டால் அந்தத் தொகுதிகளில்தான் போய் முட்டுகிறார்கள். உள்ளே சுவாரசியமான செய்திகள் கொட்டிக் கிடக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் மூக்களவை மட்டும் விஞ்ஞானம் எப்போதோ குப்பையில் போட்டுவிட்டது.

எழும்பூரில் வாயைப் பிளந்து திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்த குடியானவன் யாரையும் சிறுமைப்படுத்தவில்லை. அவனுடைய மூக்கை அளந்தவருடையதும் ஆவல்தான். ஆனால் அதற்கு முன்முடிவு இருந்தது, அதிகாரம் இருந்தது, அளக்கப்படுபவன் திருப்பிக் கேள்வி கேட்கும் வழி இல்லை. எல்லா ஆவலும் நல்ல ஆவல் என்று நான் பாடம் எடுத்ததில்லை.

திறந்த வேகத்திலேயே மூடிய அருங்காட்சியகங்களின் கதையும் உண்டு. 1855 வாக்கில் கடலூர், கோயம்புத்தூர், உதகமண்டலம், பெல்லாரி, மங்களூர், ராஜமுந்திரி என்று ஆறு ஊர்களில் உள்ளூர் அருங்காட்சியகங்கள் திறந்தார்கள். சென்னைக்கு வர முடியாதவனும் தன் ஊரிலேயே பார்க்கட்டும் என்ற ஏற்பாடு. 1861இல் சர்க்கார் அவற்றைக் கைவிட்டது. ஆறே ஆண்டு. ஒரு தென்னங்கன்று காய்ப்பதற்குள் வெட்டியாயிற்று. கடலூரில் அது நீடித்திருந்தால் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. பக்கத்திலேயே திருவக்கரையில் கல்லாய்ப் போன மரங்கள் கிடக்கின்றன; அவற்றைப் பார்த்து வளரும் மூன்று நான்கு தலைமுறைகள் அந்த வட்டாரத்தில் உருவாகியிருக்கும்.

எழும்பூருக்கு நான் பிள்ளைகளைக் கூட்டிப்போன விதத்தைச் சொல்கிறேன். மற்றப் பள்ளிகள் வரும்போது பார்த்திருக்கிறேன்: கையில் நோட்டு, வரிசை, முன்னால் ஓர் ஆசிரியர், பின்னால் ஓர் ஆசிரியர். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்காமல் அதன் அடியில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பிள்ளைகள் நகலெடுக்கின்றன. அட்டையில் எழுத்துப்பிழை இருந்தால் அதுவும் சேர்ந்து நோட்டுக்குப் போகிறது. நான் நோட்டைப் பஸ்ஸிலேயே வைத்துவிடச் சொல்வேன். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். பிடித்த ஒன்றின் முன்னால் நில், போதும் என்று தோன்றும்வரை நில், திரும்பி வரும்போது ஒரு கேள்வியோடு வா. இவ்வளவுதான் நிபந்தனை. திங்கட்கிழமை வகுப்பில் ஒவ்வொருவரும் கேள்வியைச் சொல்ல வேண்டும். எனக்குப் பதில் தெரியாததைக் கரும்பலகையின் வலது ஓரத்தில் எழுதி, அழிக்காமல் விட்டுவிடுவேன். கணக்கு வாத்தியார் வந்து, ‘சார், என் இடத்தைப் பிடிச்சுட்டீங்களே’ என்பார்.

ஒரு முறை ஒரு பெண், ‘வெள்ளைக்காரங்க இதையெல்லாம் எடுத்துட்டுப் போகாம ஏன் சார் இங்கேயே வெச்சாங்க?’ என்றாள். அவள் நின்றது அமராவதிச் சிற்பங்களின் முன்னால். எடுத்துக்கொண்டு போகவில்லை என்று யாரம்மா சொன்னது என்று கேட்டுவிட்டுக் கதையைச் சொன்னேன். 1845இல் வால்டர் எலியட் கிருஷ்ணா நதிக்கரையில் தோண்டினார். புத்தர் கதைகள் செதுக்கிய அந்தச் சுண்ணாம்புக் கற்கள் சென்னைக்கு வந்து பல ஆண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி அவற்றைப் புகைப்படம் எடுத்தார். மறு ஆண்டு 121 கற்கள் கப்பலேறி லண்டனுக்குப் போயின. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருப்பவை அவை. எழும்பூரில் இருப்பவற்றில் பெரும்பகுதி அதற்குப் பின்னால் தோண்டியெடுத்தவை. கேட்டுக்கொண்டே இருந்தவள், ‘அப்ப ஒரே கதையோட பாதிக்கல்லு இங்க, பாதிக்கல்லு அங்கயா?’ என்றாள். அது கரும்பலகைக்குப் போயிற்று.

இன்னொரு முறை துணைக்கு ஒரு மாணவனின் ஆயா வந்திருந்தார். களை பறித்துக் காப்புக் காய்த்த கை. ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் இருந்த பக்கம் போனோம். அலெக்சாண்டர் ரே என்ற தொல்லியல் அதிகாரி 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் தாமிரபரணிக் கரையில் தோண்டிக் கொண்டுவந்தவை: தாழிகள், வெண்கலச் சாமான்கள், நெற்றியில் கட்டும் தங்கப் பட்டங்கள், துருவேறிய இரும்பு. பிள்ளைகள் தங்கத்தின் முன்னால் நெருக்கியடித்தபோது ஆயா இரும்பின் முன்னால் நின்றுவிட்டார். ‘இந்தப் பிடியில மரம் செருகணும். இது இப்படிப் பிடிக்கிறது இல்ல, வாத்தியாரே, கீழ உக்காந்து இழுக்கிறது’ என்று கையை மடக்கி இழுத்துக் காட்டினார். அது உண்மையிலேயே அப்படிப்பட்ட கருவிதானா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்தத் துருக்கட்டியை யாரோ ஒருவர் கையில் பிடித்து வேலை செய்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்கு உறைத்தது. தங்கத்தை விட்டுவிட்டு எல்லோரும் ஆயாவைச் சுற்றிக்கொண்டார்கள். தர்ஸ்டன் பார்த்திருந்தால் தமாஷ் என்றுதான் எழுதியிருப்பார்.

ராபர்ட் புரூஸ் ஃபூட் கதையை அவசியம் சொல்வேன், ஏனென்றால் பல்லாவரம் எங்கள் பஸ் போகும் வழியில் இருக்கிறது. நிலவியல் அளவைத்துறை ஆசாமி. 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில் சரளைக் குழியொன்றில் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். மனிதன் கைபட்டுச் செதுக்கிய கல். இந்தியாவின் பழைய கற்காலம் பற்றிய ஆராய்ச்சிக்கே அது பிள்ளையார் சுழி. அந்தச் சரளையை எத்தனையோ பேர் மிதித்தும் வெட்டியும் இருப்பார்கள். சில மாதங்களில் வில்லியம் கிங்கும் அவருமாக அதிரம்பாக்கத்தில் இன்னும் ஏராளமாகக் கண்டெடுத்தார்கள். ஃபூட் வாழ்நாளெல்லாம் சேர்த்ததைச் சென்னை அரசு 1904இல் வாங்கி எழும்பூரில் வைத்தது. கதையைக் கேட்ட மறுநாள் பையன்கள் சட்டைப்பை கிழியக் கிழியக் கல் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் ரயில்பாதை ஜல்லி. அதையும் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து, ஏன் இது இல்லை என்று சொல்ல வேண்டும். அந்த அரைமணி நேரத்துக்குப் பொறுமை இல்லாதவர் கதையைச் சொல்லாமலே இருப்பது நல்லது.

எல்லாப் பிள்ளைகளும் தவறாமல் நிற்கும் இடம் திமிங்கிலம்தான். 1874இல் மங்களூர்க் கரையில் ஒதுங்கியதன் எலும்புக்கூடு. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அதன் பக்கத் துடுப்பை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ‘சார், மீனுக்கு எதுக்கு சார் விரலு?’ என்றான். துடுப்பின் தோலும் சதையும் போன பிறகு உள்ளே மணிக்கட்டு எலும்பும் விரல் எலும்பும் வரிசையாகத் தெரியும். அது மீனில்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி, அதன் மூதாதை தரையில் நடந்தது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ‘அப்ப அது எது மாதிரி இருந்துச்சு?’ அதுவும் கரும்பலகையின் ஓரத்துக்குப் போயிற்று.

அதற்குப் பதில் வந்த விதம் வேடிக்கையானது. ஏ. ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர் ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் எலும்புகள் புதைந்த பாறைகளைச் சேகரித்தார். அதிலிருந்த சின்னப் பிராணி ஒன்றுக்கு 1971இல் இந்தோஹ்யுஸ் என்று பெயரிட்டு எழுதினார். கையில் கிடைத்திருந்தது சில பற்களும் தாடைத் துண்டும். மிச்சப் பாறைகளை உடைத்துப் பார்ப்பதற்குள் காலமாகிவிட்டார். அவை பெட்டிகளிலேயே கிடந்தன. பின்னால் அவர் மனைவி அவற்றை ஹான்ஸ் தெவிசன் என்ற ஆராய்ச்சியாளரிடம் ஒப்படைத்தார். ஆய்வகத்தில் சுத்தம் செய்யும்போது ஒரு மண்டையோடு கைதவறி உடைந்தது. உடைந்த இடத்தில் காதெலும்பு தெரிந்தது. அதன் ஒரு பக்கச் சுவர் திமிங்கிலத்தின் காதில் மட்டுமே காணக்கூடிய விதத்தில் தடித்திருந்தது. 2007இல் செய்தி வெளியாயிற்று: நான்கு கால், குளம்பு, பூனையை விடக் கொஞ்சம் பெரிய உடம்பு, சருகுமான் சாயல். சுமார் 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் நீரோரம் வாழ்ந்த திமிங்கிலத்தின் நெருங்கிய உறவு.

கேட்ட பையன் அதற்குள் பள்ளியை விட்டுப் போய் எங்கேயோ வேலையில் சேர்ந்திருந்தான். அந்த ஆண்டு எழும்பூருக்கு வந்த பிள்ளைகளைத் திமிங்கிலத்தின் முன்னால் உட்காரவைத்து விரலைக் காட்டினேன். பழைய பையன் கேட்ட கேள்வியில் தொடங்கி, பெட்டியில் கிடந்த பாறை, கைதவறி உடைந்த மண்டையோடு என்று முழுக் கதையையும் சொன்னேன். பாதிப் பேர் சருகுமான் எப்படி நீச்சல் பழகியது என்று தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பொடியன் மட்டும் எழுந்து நின்றான்.

‘சார், அந்தப் பெட்டியில இன்னும் உடைக்காத கல்லு மிச்சம் இருக்கா சார்?’